மூன்று பேர் எழுதிய கதை

1

இந்தக் கதையை எழுதக் காரணம் கோபம் என்று முதல் வரியில் எழுதினேன். படித்துப் பார்த்தேன். பொய். அடித்துவிட்டேன்.

காரணம் பெருமை. போன மாதம் நான் எழுதிய கதையைக் கேட்டவர்கள், ஒரு ஆள் இதை எழுதியிருக்க முடியாது, மூன்று பேர் சேர்ந்துதான் எழுதியிருக்க வேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. சந்தோஷத்திலும் அப்படி ஆகும் என்று அதுவரை தெரியாது.

கேட்டவர்கள் நீங்கள்தான். இப்போது இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களும் நீங்கள்தான். ஆனாலும் இந்தத் தாள் ஒரு நாள் உங்களைத் தெரியாத யார் கைக்காவது போகலாம். அவர்களுக்காக உங்களை அறிமுகம் செய்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிக் கடைத்தெருவில் ரங்கநாதன் மணிலா மண்டி இருக்கிறது. (வெளியூர்க்காரர்களுக்கு: மணிலா என்றால் வேர்க்கடலை.) ஞாயிற்றுக்கிழமை தராசுக்கு ஓய்வு. மாதம் ஒரு முறை அன்று மத்தியானம் மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு அங்கே எழுத்தாளர் வட்டம் கூடுகிறது. மண்டிக்காரர்தான் தலைவர்.

வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கதை எழுதியவர் பெயர் போடாமல் தாளை மடித்து, வாசலில் இருக்கும் பழைய எண்ணெய் டின்னுக்குள் போட வேண்டும். உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் உத்திராபதி சார் அதை எடுத்து உரக்க வாசிப்பார். தாளைப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். கையெழுத்து யாருடையது என்று தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். வாசித்து முடித்ததும் டீ வரும். டீ குடித்துக்கொண்டே எழுதியவர் யார் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால், எழுதியவர் எழுந்து நின்று தன் வாயால் 'நான்தான்' என்று சொல்ல வேண்டும்.* சொல்லாவிட்டால், வட்டம் யார் பெயரைச் சொன்னதோ அந்தப் பெயரோடு கதை பொங்கல் மலரில் அச்சாகும்.

மலர் அச்சுக்குப் போகும்வரை எழுந்து நிற்கலாம். நாளைக் காலை பஸ்ஸில் அது திண்டிவனத்துக்குப் போகிறது. ஆகவே இந்த ஞாயிறுதான் கடைசி.

* அடிக்குறிப்பு: எழுதிக் கொடுத்தால் செல்லாது. ஒரு முறை சைக்கிள் கடை துரைராஜ் அண்ணன் ஒரு மோசமான கதையை எழுதி, 'இதை எழுதியது இராமச்சந்திரன்' என்று கடைசி வரியில் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த விதி இது.

(உத்திராபதி சார், அடைப்புக்குறிக்குள் இருப்பதை மெதுவான குரலில் வாசியுங்கள். அடிக்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். பாதியில் நிற்கும் வாக்கியங்களைப் பாதியிலேயே நிறுத்துங்கள். நீங்களாக முடித்துவைக்க வேண்டாம். அந்தப் பழக்கம் உங்களுக்கு உண்டு.)

2

இந்தக் கதையைத் தொடங்க மூன்று விதமாக முயன்றேன்.

முதல் தொடக்கம்: 'ராஜகிரியின் உச்சியில் பிறை தோன்றிய அந்த முன்னிரவு வேளையில், கோட்டை வாயிலை நோக்கி ஒரு வெண்புரவி—'

விட்டுவிட்டேன். இதற்குள் எல்லாரும் இராமச்சந்திரன் சாரைப் பார்த்திருப்பீர்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். சரித்திரக் கதை தவிர வேறெதையும் தொடமாட்டார். அவருடைய குதிரை ஏறாத மலை செஞ்சியில் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: 'கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அப்படியானால் பிணம் வெளியே போனது எப்படி? துப்பறியும் நிபுணர் சிகரெட்டைப்—'

இது துரைராஜ் அண்ணன். கொலை இல்லாமல் அவருக்குக் கதை நகராது. அவர் இதுவரை செஞ்சியில் கொன்றவர்களை எல்லாம் கூட்டிக் கழித்தால் அடுத்த தேர்தலில் ஓட்டுப் போட ஆள் மிஞ்சாது.

மூன்றாம் தொடக்கம்: '"அத்தான்!" என்று அலறியவள், வாசற்படியிலேயே—'

தொடக்கப் பள்ளி ஆசிரியர் தனகோட்டி சார். குடும்பக் கதைகள். ஒரு பக்கத்துக்கு ஒருவராவது அழ வேண்டும்.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். தனகோட்டி சாரை அழுமூஞ்சி என்று நினைக்கும்படி எழுதிவிட்டேன். அவர் அப்படி இல்லை. வட்டத்தில் அதிகம் சிரிப்பவர் அவர்தான். கதைக்கு வசதியாக ஒரு மனிதரைச் சின்னதாக்கிவிட்டேன். பின்னால் வரும் பகுதியில் அவருக்குரியதைத் தருகிறேன்.)

3

ஐப்பசி மாதக் கூட்டம். வெளியே மழை. மூட்டைகள் நனையாமலிருக்கத் தார்ப்பாய் போட்டு, அதன் மேல் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். எழுதுகிறவன் எதைப் படிக்க வேண்டும் என்று பேச்சு வந்தது.

"துப்பறியும் கதை படிச்சா எழுத்தே கெட்டுப் போயிடும் சார். நான் கையால தொடறதில்ல" என்றார் இராமச்சந்திரன் சார்.

"ஆமாமா. உங்க குதிரைய படிச்சா மட்டும் நல்லா வந்துடும். கோட்டைய பாக்க வர்றவன் இன்னிக்கும் குதிர லத்திய மெதிச்சுடுவோமோன்னு பாத்துப் பாத்து நடக்கறான்" என்றார் துரைராஜ் அண்ணன்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்கய்யா" என்றார் தலைவர். "மணிலா வாங்கறவன் மணிலாதான் வாங்கணும். புளியும் வாங்கறேன், மொளகாயும் வாங்கறேன்னு எறங்குனா எதுலயும் நெலவரம் புடிபடாது. படிக்கறதும் அப்பிடித்தான். ஆளுக்கு ஒரு அலமாரி. அத முழுசா படி. அதுல எழுது."

எல்லாரும் தலையாட்டினார்கள். உத்திராபதி சார்கூட.

ஒரே ஒருவர் தலையாட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. அவர் கையில் ஒரு தட்டு இருந்தது.

இதுவரை ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்து வைத்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே அது இருந்தது. 'வாசித்து முடித்ததும் டீ வரும்' என்று எழுதினேன். டீ தானாக வராது. மண்டிக்குப் பின்னால் இருக்கும் வீட்டிலிருந்து யாரோ கொண்டு வருகிறார்கள். யார் என்று நீங்கள் கேட்கவில்லை.

நான்தான் கொண்டு வருகிறேன். மண்டிக்காரரின் மகள்.

(சார், நிறுத்தாதீர்கள். நைனா, குறுக்கே பேச வேண்டாம். இன்னும் கதை இருக்கிறது.)

4

சென்னையில் விடுதியில் தங்கித் தாவரவியல் படித்தேன். கைக்குக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். வெட்கப்படுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. கையில் புத்தகம் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

என் அறைத் தோழி மனோரமா துப்பறியும் கதைகளைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பாள். தான் முடித்துவிட்டு என்னிடம் தரும்போதே கொலைகாரன் பெயரைச் சொல்லிவிடுவாள், பாவி. அதனால் நான் அவற்றை வேறு மாதிரி படிக்க வேண்டியதாயிற்று. எழுதியவர் உண்மையை எந்தச் சாதாரண வாக்கியத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே போவேன். சற்று முன் டீயை ஒளித்து வைத்தது அங்கே கற்றதுதான்.

தாவரவியல் நூல்களில் ஒரு இலையை யாரும் அழகு என்று எழுத மாட்டார்கள். விளிம்பு எப்படி, நுனி எப்படி, அடிப்பக்கம் மயிர் உண்டா என்று எழுதுவார்கள். அதைப் படித்துப் பழகியவளுக்கு 'அழகிய' என்ற சொல் சுலபமாக வராது. எனக்கு அது நல்லதாகப் போயிற்று. நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதி ஒன்று இருந்தது. யாரோ தானம் கொடுத்த நிலத்துக்கு நான்கு பக்கமும் எல்லை சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். கதை நடக்கும் இடத்தை அவ்வளவு உறுதியாக ஊன்ற முடியும் என்று அதில்தான் பார்த்தேன். சமையல் புத்தகமும் படித்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். 'பொன்னிறமாகும்வரை' என்றால் அதற்கு முன்னால் பச்சை, பின்னால் கருகல். அப்படி ஒரு சொல்லை நான் எழுதிவிட்டால் அன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்.

இராமச்சந்திரன் சாரின் அலமாரியையும் படித்தேன். குதிரைகளைக் கேலி செய்தேன், ஆனால் ஒரு பெரும் கூட்டத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குழப்பமில்லாமல் நகர்த்துவது எப்படி என்று வேறு எந்த அலமாரியும் எனக்குச் சொல்லித்தரவில்லை. தனகோட்டி சாரின் அலமாரியில், மனதில் இருப்பதைச் சொல்லாமல் சோறு மட்டும் பரிமாறும் பெண்களைப் பார்த்தேன்.

ஒரே வகையைப் படிக்கிறவர்கள் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்டதை—

(விட்டுவிட்டேன். சொற்பொழிவு மாதிரி வருகிறது. நைனாவிடம் நேராகக் கேட்டுவிடுகிறேன்.)

நைனா, மணிலா நிலவரம் உங்களுக்கு மணிலாவை மட்டும் பார்த்தா தெரிகிறது? மழையைப் பார்க்கிறீர்கள். எண்ணெய் விலையைப் பார்க்கிறீர்கள். ரேடியோவில் பம்பாய்ச் செய்தி கேட்கிறீர்கள். லாரிக்காரர் முகத்தைப் பார்க்கிறீர்கள். அப்புறம்தான் வாயைத் திறந்து விலை சொல்கிறீர்கள். கடைத்தெருவில் உங்கள் விலைதான் சரியாக இருக்கிறது. நீங்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். நீங்கள் சொன்னதைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

5

அந்த மழை நின்ற வாரம் 'மடை' என்ற கதையை எழுதினேன். கார்த்திகைக் கூட்டத்தில் நீங்கள் கேட்டது அதுதான். கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிங்கவரத்தில் துரைக்கண்ணு, ராஜாங்கம் என்று அண்ணன் தம்பி. பேச்சு வார்த்தை இல்லை. ஏரித் தண்ணீர் ஒரு கால்வாயில்தான் வருகிறது, ஆளுக்கு ஒரு முறை. அண்ணன் முறையன்று விடிந்து பார்த்தால், யாரோ மடையைத் திருப்பித் தண்ணீர் முழுவதையும் தம்பி கொல்லை நிலத்துக்கு விட்டிருக்கிறார்கள். வெட்டுக் குத்து வரைக்கும் போகிறது. மடையோரச் சேற்றில் ஒரு காலடி. அதில் மெட்டி பதிந்த தடம். திருப்பியது அண்ணன் பெண்டாட்டி சுந்தராம்பாள். கொழுந்தன் மணிலாச் செடியில் இலையெல்லாம் புள்ளி விழுந்து உதிர்வதைப் பார்த்திருக்கிறாள். தண்ணீரில்லாமல் வாடுகிறது என்று நினைத்துத் தன் தண்ணீரைத் தானே திருடிக் கொடுத்திருக்கிறாள். அது வாட்டம் இல்லை, நோய். பழுப்புப் புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள் வளையம். தண்ணீர் அதற்கு மருந்து இல்லை. அது தெரிந்ததும் அவள் என்ன செய்தாள் என்பதோடு கதை முடியும்.

உத்திராபதி சார் வாசித்து முடித்தார். நான் டீ கொண்டு வந்தேன்.

"ஆரம்பத்துல கொல்லைக்கு நாலெல்லை சொல்லுது பாருங்க. கல்வெட்டு தெரிஞ்சவன் எழுதனது" என்றார் நைனா. "இராமச்சந்திரன், நீதான்யா."

"நானா? இதுல குதிரையே இல்லையே!" என்றார் இராமச்சந்திரன் சார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சேத்துல மெட்டித் தடம் வருதே" என்றார் துரைராஜ் அண்ணன். "எவனோ கடைக்கு வந்து பஞ்சர் ஒட்டற மாதிரி ஒட்டி என் மூளைய எடுத்துகினு போயிருக்கான்."

"எவனும் எடுக்கல. நீயே எழுதிட்டு நடிக்கற" என்றார் நைனா.

"சத்தியமா நான் எழுதலண்ணே." ஒரு வாய் டீ குடித்தார். "ஆனா நான் எழுதுனா இப்பிடித்தான் எழுதியிருப்பேன்." இன்னொரு வாய். "அந்த மெட்டி ஒண்ணு மட்டும் நான் எப்பவோ கடையில பேசனதா இருக்கும்னு நெனைக்கறேன்." டம்ளர் காலியானபோது அவர் மறுப்பதை நிறுத்தியிருந்தார்.

"இன்னாய்யா, மூணு பேரும் சேந்துகினு எழுதிட்டு எங்கள முட்டாளாக்கறீங்களா?" என்று நைனா சிரித்தார். "அண்ணன் தம்பி சண்டை தனகோட்டி சாரு. ஒருத்தனால ஆகற காரியமா இது? நான் சொல்லல? ஆளுக்கு ஒரு அலமாரி. மூணு அலமாரியும் ஒண்ணு சேந்தாதான் இப்பிடி ஒரு கதை வரும்."

தனகோட்டி சார் மட்டும் டம்ளரைத் தொடவில்லை. "நான் எழுதல" என்றார். "என் கதையா இருந்தா சுந்தராம்பா கடைசியில அழுதிருப்பா. இவ சிரிச்சுட்டா. விஷயம் தெரிஞ்சதும் வயித்தப் புடிச்சுகினு சிரிக்கறா, அந்த ரெண்டு பேரும் அவளோட சேந்து சிரிக்க வேண்டியதாப் போச்சு. அத எழுத எனக்கு வராதுங்க. வந்தா எவ்ளோ நல்லா இருக்கும்."

(தனகோட்டி சார், இதில் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. நீங்கள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.)

யாரும் அவரை நம்பவில்லை. "உத்திராபதி சார், நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார்கள். அவர் கூரையைப் பார்த்தார். சத்தியம்.

"சரி, வேற யாராச்சும் இருந்தா எழுந்து நில்லுங்க" என்று நைனா வழக்கப்படி கேட்டார்.

நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். தட்டோடு, அவருக்கு நேர் எதிரில். டீ கொடுக்கிறவள் நிற்பது எழுந்து நிற்பது ஆகாது.

6

நேற்று அடுக்களையில் இந்தக் கதையின் முந்தைய பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா, பெயர் கமலாம்பாள், அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"பாப்பா, அந்த மடை கதை நீதான எழுதுன?"

"எப்பிடிம்மா தெரியும்?"

"ஒரு வாரம் பேனாவக் கடிச்சுகினு மோட்டுவளையப் பாத்துகினு இருந்தியே. கணக்கா போட்ட?" கழுநீரை ஊற்றினார். "அந்த மூணு பேரு பேரப் போடறாங்களாமே. நைனா சொன்னாரு."

"ம்."

"நீ வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"எல்லாரும் என்னப் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும். மூக்கும் முழியுமாத்தான் பெத்திருக்கேன்." மறுபடி தண்ணீர் ஊற்றினார். "பேரு அச்சுல வந்தா பொண்ணு பாக்க வர்றவன் படிச்சுட்டு ஓடிடுவான்னு பயமா?"

"படிச்சுட்டு ஓடறவன் ஓடட்டும்மா. படிக்காமலே ஒக்காந்துக்கறவன நெனச்சாத்தான் பயம்."

அம்மா சிரித்ததில் பாதி அரிசி கீழே போயிற்று. அள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு டீய நான் எடுத்துகினு போறேன். நீ போய் அவங்களோட ஒக்காரு."

"எங்கம்மா?"

"மூட்டை மேலதான். உனக்குன்னா எடம் பத்தாதா?"

எழுந்து நிற்க வேண்டுமானால் முதலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அறிவியல் பட்டம் வாங்கியவளுக்கு இது தோன்றவில்லை.

7

இப்போது முடிவு.

முடிவு அ, இராமச்சந்திரன் சாருக்காக: 'அவள் எழுந்தாள். அவள் குரலில் மண்டியின் கூரை அதிர்ந்தது—' இல்லை. அது தகரக் கூரை. காற்றடித்தாலே அதிரும்.

முடிவு ஆ, துரைராஜ் அண்ணனுக்காக: உத்திராபதி சார் கண்ணாடியைக் கழற்றுகிறார். 'நாம் தேடும் ஆள் இந்த அறையில்தான்—' இல்லை. எனக்காக ஒரு நல்ல மனிதரின் சத்தியத்தை உடைக்கக் கூடாது.

முடிவு இ, தனகோட்டி சாருக்காக: நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'மகளே!' இல்லை. நைனா என்னை ஒரு நாளும் மகளே என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் நான் பயந்துவிடுவேன்.

முடிவு ஈ, எனக்காக: யாரும் எழுந்து நிற்கவில்லை. மலர் மூன்று பெயரோடு வருகிறது. நான் அடுத்த கதையை டின்னில் போடுகிறேன். அதை நாலு பேர் எழுதினார்கள் என்கிறார்கள். நான் உள்ளே போய்ச் சிரித்துக்கொள்கிறேன்.

இந்த நான்காவது முடிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நேற்று இரவு முழுக்க அதையே வைத்திருந்தேன். எனக்கு ஏற்ற முடிவு. யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். பெருமையும் கையை விட்டுப் போகாது.

பிறகு அந்த மலரை நினைத்துப் பார்த்தேன். செஞ்சியிலோ பனமலையிலோ எழுத ஆசைப்படும் ஒரு பெண் அதைப் புரட்டுவாள். 'மடை'க்கு மேல் மூன்று பெயர் இருக்கும். ஒரு நல்ல கதைக்கு மூன்று ஆண்கள் வேண்டும், ஆளுக்கு ஓர் அலமாரி வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள். தனக்கு எந்த அலமாரி என்று தேடத் தொடங்குவாள். ஒரே ஒரு பெயர் இருந்தால் அவள் என்ன நினைப்பாள் என்று எழுதத் தேவையில்லை.

நான்காவது முடிவையும் அடித்துவிட்டேன்.

ஐந்தாவதை நான் எழுத முடியாது. எழுதினால் செல்லாது என்பது உங்கள் விதி. நல்ல விதி. 'மடை'யை எழுதியது நான் என்று இந்தத் தாள் முழுக்கச் சொல்லிவிட்டேன். வட்டத்தின் கணக்கில் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் கால்கள் என்ன செய்யும் என்பதைத் தாளால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எல்லா வகைப் புத்தகத்திலும் தேடிவிட்டேன். அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன்.

உத்திராபதி சார், தாளைத் திருப்ப வேண்டாம். பின்பக்கம் காலி. தலையைத் தூக்கி, தொண்டூரிலிருந்து வந்த மூட்டைகள் அடுக்கியிருக்கும் பக்கம் பாருங்கள். இராமச்சந்திரன் சாருக்கும் துரைராஜ் அண்ணனுக்கும் நடுவில். கண்ணில் படுவதை அப்படியே சொல்லுங்கள். இதற்குச் சத்தியம் தடை இல்லை.

அவள் உட்கார்ந்திருக்கிறாளா, நிற்கிறாளா?